பேய் தேடும் கருவிப் பெட்டி: எது உதவும், எது தண்டச் செலவு

இணையக் கடைகளில் "பேய் தேடும் கிட்" என்று விற்கும் பெட்டிகளைத் திறந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். காந்தப் புலம் காட்டும், ஐந்து விளக்குகள் கொண்ட கே2 மீட்டர், அலைவரிசை தாவும் ரேடியோவான ஒரு ஸ்பிரிட் பாக்ஸ், ஒரு குரல் பதிவுக் கருவி, துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர், சிலவற்றில் எதுவும் அருகில் வந்தால் கத்தும் ஒரு ரெம் பாட், சுவரில் பச்சைப் புள்ளிகளைத் தூவும் லேசர் பேனா. விலை கூடிய பெட்டியில், வெற்று அறையில் குச்சி மனிதனைக் காட்டும் எஸ்.எல்.எஸ். கேமராவும் இருக்கும்.

பாழடைந்த கட்டடத்தில் ராத்திரி நண்பர்களோடு சுற்றுவதற்காக இதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பெட்டியும் போதும். இந்த மதிப்புரை வேறு சிலருக்காக. வீட்டில் உண்மையாகவே எதையோ பார்த்தவர்கள், கேட்டவர்கள், சொன்னால் கிண்டல் செய்வார்களோ என்று வாயைத் திறக்காதவர்கள். அவர்கள் பட்டது பொய்யில்லை. லண்டனைச் சேர்ந்த சொசைட்டி ஃபார் சைக்கிகல் ரிசர்ச் 1894-ல் வெளியிட்ட கணக்கெடுப்பு 17,000 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டது: முழு விழிப்பில் இருக்கும்போது, அங்கே இல்லாத ஒருவரைக் கண்டதோ, தொடுகையை உணர்ந்ததோ, குரலைக் கேட்டதோ உண்டா? ஏறத்தாழ பத்தில் ஒருவர் "உண்டு" என்றார்கள். ஆக, அனுபவம் சர்வசாதாரணம். அது எதனால் வந்தது என்பதுதான் வழக்கு. "பேய் இருக்கிறதா" என்ற கேள்விக்கு இந்தப் பெட்டியில் உள்ள எதுவும் பதில் சொல்லாது. "அந்த ராத்திரி அந்த அறையில் என்னென்ன இருந்தன" என்ற சின்னக் கேள்விக்குச் சில கருவிகள் நேர்மையாகப் பதில் சொல்லும். அந்த அளவுகோலில்தான் இவற்றைப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பதிவுக் கருவி காசுக்குத் தகும். கே2 பாதி தேறும். மற்றவை வேண்டாம். முதலில் வாங்க வேண்டியதோ பெட்டியிலேயே இல்லை.

கே2 மீட்டர்

கே2 அடிப்படையில் வீட்டு வயரிங்கிலிருந்து வரும் காந்தப் புலத்தைக் காட்டும் கருவி. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஐந்து விளக்குகளில் முதலாவது எப்போதும் எரியும். 1.5 மில்லிகாஸை (காந்தப் புலத்தின் அலகு) தாண்டினால் இரண்டாவது, 2.5-ஐத் தாண்டினால் மூன்றாவது, 10-ல் நான்காவது, 20-ல் சிவப்பு. இடைவெளிகளைக் கவனியுங்கள்: 3 மில்லிகாஸுக்கும் 9 மில்லிகாஸுக்கும் ஒரே விளக்குத்தான். அறையின் ஒரு மூலையில் புலம் மூன்று மடங்காக ஏறினாலும் இந்த மீட்டருக்கு அது தெரியாமல் போகலாம். ஆனால் 2.4 இருந்த இடத்தில் 2.6 ஆனால் "டக்"கென்று ஒரு விளக்கு கூடும். பார்ப்பவருக்கு யாரோ வந்து நின்றது போலத் தோன்றும்.

அதைவிடப் பெரிய குறை, இது ஒரு திசையில் மட்டுமே அளக்கும். கையில் பிடித்தபடி திரும்பினாலே விளக்கு ஏறி இறங்கும். புலம் அப்படியேதான் இருக்கும், மீட்டரின் கோணம்தான் மாறியிருக்கும். நடந்துகொண்டே அளப்பவர்கள் "என் கூடவே வருகிறது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சரியாக அளக்க, ஒரு இடத்தில் நின்று மீட்டரை நெட்டாக, குறுக்காக, படுக்கையாக மூன்று வாக்கில் பிடித்துப் பார்த்து, அதில் அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து செல்போன். கே2-க்குள் ரேடியோ அலையைத் தடுக்கும் கவசம் போதாது. அழைப்போ குறுஞ்செய்தியோ வரும் நொடியில், சட்டைப் பையில் இருக்கும் போனே விளக்குகளைச் சிவப்பு வரை தூக்கிவிடும். அறையில் இருக்கும் எல்லோருடைய போனும் ஃப்ளைட் மோடில் இருக்க வேண்டும். ஒருவர் மறந்தாலும் அன்றைய அளவீடு முழுதும் வீண். வாக்கி டாக்கி, ஸ்மார்ட் வாட்ச், வைஃபை ரூட்டர் எல்லாம் இதே கணக்குத்தான். பழைய மாடலில் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் மீட்டர் ஓடும். கை வலிக்கிறதென்று இடுக்கில் ஒரு நாணயத்தைச் செருகி வைப்பது பலரின் வழக்கம். தொடர்பு தளர்ந்தால் விளக்குகள் தானாக மினுக்கும். பேட்டரி இறங்கும் நேரத்திலும் இதே கோளாறு வரும்.

வாங்கியதும் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கோ டேபிள் ஃபேனுக்கோ அருகில், ஐந்து சென்டிமீட்டரில் வையுங்கள். மேல் விளக்குகள் எரிய வேண்டும். ஒரு மீட்டர் தள்ளினால் முதல் விளக்குக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு எல்லாப் போனையும் அணைத்து, மர மேசையில் படுக்க வைத்து அரை மணி நேரம் வீடியோ எடுங்கள். அப்போதும் மினுக்கினால் திருப்பி அனுப்புங்கள்.

வீட்டை அளப்பது பகலில்தான். அறையின் படத்தை வரைந்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டம் வீதம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தரை மட்டம், இடுப்பு உயரம், தலை உயரம் என மூன்று அளவு. பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி. முதல் சுற்றில் எரிந்தது இரண்டாம் சுற்றில் எரியவில்லையென்றால் காரணம் வீட்டு மின்சாரம். கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஃபிரிட்ஜ், மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டார். மெயினை அணைத்த பிறகும் எரிந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், நிலத்தடிக் கேபிள், அல்லது மின்னோட்டம் கசியும் உலோகத் தண்ணீர்க் குழாய். ஒரு கருவியின் அருகில் மட்டுமில்லாமல் அறை முழுக்க, சீராக, அளவு கூடுதலாக இருந்தால் வயரிங்கில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் சேர்ந்தே ஓடினால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். நியூட்ரலை எர்த்தோடு எங்கோ இணைத்துவிட்டாலோ, இரண்டு கம்பிகளும் வெவ்வேறு வழியில் ஓடினாலோ அந்தச் சமன் கெட்டு, புலம் அறை முழுக்கப் பரவும். உடனே எலக்ட்ரீசியனை அழைக்க வேண்டிய விஷயம் இது. கே2-க்கு நான் கொடுக்கும் பாதி மதிப்பெண் இதற்காகத்தான்.

"அதிக மின்காந்தப் புலம் மூளையைக் குழப்பிப் பேய் காட்டும்" என்ற விளக்கம் பல விற்பனைப் பக்கங்களில் இருக்கிறது. மைக்கேல் பெர்சிங்கர் என்ற மூளை ஆய்வாளர் தலைக்கவசத்தில் காந்தச் சுருள்களை வைத்து, "யாரோ அருகில் இருக்கும் உணர்வை" வரவழைத்ததாகச் சொன்னதிலிருந்து கிளம்பிய கருத்து அது. சுவீடனின் உப்சாலாவில் 2005-ல் அதே சோதனையை, புலம் ஓடுகிறதா இல்லையா என்று ஆய்வாளருக்கும் தெரியாமல், உட்கார்ந்தவருக்கும் தெரியாமல் செய்தபோது புலத்தால் வித்தியாசம் எதுவும் வரவில்லை. சொன்னதை எளிதில் ஏற்கும் மனம் உள்ளவர்களுக்குப் புலம் இல்லாமலே உணர்வு வந்தது. லண்டனில் 2009-ல் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் குழு செயற்கையாக ஓர் அறையைக் கட்டி 79 பேரை உள்ளே நடக்கவிட்ட சோதனையிலும் இதே முடிவு. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேசக் குழு 2010-ல் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு 2,000 மில்லிகாஸ். கே2-வின் சிவப்பு விளக்கு அதில் நூற்றில் ஒரு பங்கிலேயே எரிந்துவிடும். சிவப்பு எரிந்ததும் பதற வேண்டியதில்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடினால் போதும்.

"இருந்தால் இரண்டு முறை எரியவை" என்று கேட்கும் முறையை விரும்புகிறவர்கள் ஒரே ஒரு திருத்தம் செய்யட்டும். கேள்வி கேட்டபின் பத்து விநாடி காத்திருங்கள். அடுத்து, எதுவுமே கேட்காமல் ஒரு பத்து விநாடி. இப்படி மாறி மாறி நாற்பது முறை, கேமரா ஓடட்டும். கேள்விக்குப் பின் எரிந்தது எத்தனை, சும்மா இருந்தபோது எரிந்தது எத்தனை என்று பின்னால் எண்ணுங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பணம் போடுவதென்றால், மூன்று திசையையும் ஒன்றாக அளந்து எண்ணாகக் காட்டும் டிரைஃபீல்டு டி.எஃப்.2 மாதிரியான மீட்டரில் போடலாம். விளக்கு மினுக்கல் இல்லை, எழுதிக்கொள்ள எண் இருக்கிறது.

பதிவுக் கருவியும் ஸ்பிரிட் பாக்ஸும்

ஆவிக் குரல் பதிவு என்ற பழக்கம் 1959-க்குப் பிறகு பரவியது. அந்த ஆண்டு சுவீடனில் ஃபிரீட்ரிக் யூர்கென்சன் பறவை ஒலிகளைப் பதிவு செய்த டேப்பில் மனிதக் குரல்கள் கேட்பதாகச் சொன்னார். கருவிகள் மாறிவிட்டன, சிக்கல் மாறவில்லை. மனிதக் காது இரைச்சலுக்குள் பேச்சைத் தேடும், கிடைக்காவிட்டாலும் உண்டாக்கிக்கொள்ளும். கருவியின் அமைப்பும் சேர்ந்து இதை ஊதிப் பெருக்கும்.

வாங்கியவுடன் மாற்ற வேண்டியவை மூன்று. குரல் கேட்டால் மட்டும் பதியும் வசதியை அணையுங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் அசையை வெட்டிவிட்டு, தொடர்பில்லாத ஒலித் துண்டுகளை அது ஒட்டிவைக்கும். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணையுங்கள்; அறை அமைதியானதும் அது ஒலியை ஏற்றிக்கொண்டே போகும், உங்கள் வயிற்று இரைச்சலும் பக்கத்து அறைக் குறட்டையும் முணுமுணுப்பாக எழும். கோப்பு வகையை எம்.பி.3-லிருந்து, ஒலியைச் சுருக்காத வேவ்-க்கு மாற்றுங்கள். குறைந்த தரச் சுருக்கம் இரைச்சலைக் குழைத்து, பேச்சு போன்ற நெளிவுகளைச் சேர்க்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 எம்.பி. ஆகும், எட்டு மணி நேர இரவுக்கு 2.5 ஜி.பி. சாதாரண மெமரி கார்டே தாராளம்.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அறையின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், விரல் உரசினாலே கிசுகிசுப்பு கேட்கும். தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டினால் இரண்டு கோப்புகளையும் பின்னால் ஒத்திசைக்கலாம். யார் இருமினாலும், நாற்காலி நகர்ந்தாலும், வெளியே வண்டி போனாலும் உடனே வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும். உண்மையான ஒலியானால் இரண்டு கருவியிலும் விழும், அருகில் இருப்பதில் உரக்கக் கேட்கும். ஒன்றில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கருவியின் கோளாறு.

சந்தேகமான துண்டு கிடைத்தால் யாரிடமும் "இது என்ன சொல்கிறது தெரியுமா" என்று தொடங்காதீர்கள். சொல்லைச் சொன்ன பிறகு கேட்பவருக்கு அந்தச் சொல் மட்டுமே கேட்கும். கதை தெரியாத மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்கவைத்து, தாளில் எழுதச் சொல்லுங்கள். "பேச்சு இல்லை" என்பதும் ஒரு பதிலாக இருக்கட்டும். மூன்று தாளிலும் ஒரே சொல் வந்தால் மேலே பார்க்கலாம்.

இனி ஸ்பிரிட் பாக்ஸ். பி.எஸ்.பி.7 போன்றவை, நிற்காமல் அலைவரிசை மாற்றிக்கொண்டே ஓடும் ஏ.எம்., எஃப்.எம். ரேடியோக்கள். ஒவ்வொரு அலைவரிசையிலும் 100 முதல் 350 மில்லி விநாடி நிற்கும். பேச்சில் ஓர் அசை ஏறத்தாழ 200 மில்லி விநாடி. ஆக, ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஓர் அசையோ குட்டிச் சொல்லோ நிச்சயம் விழும். "வா", "போ", "இல்லை" போன்றவை மணிக்கணக்கில் கேட்பதில் வியப்பே இல்லை, நிலையங்கள் அதிகமுள்ள இடமாக இருந்தால் இன்னும். கேள்வி கேட்டவர் தான் எதிர்பார்க்கும் துண்டைப் பொறுக்கிக்கொள்வார். இதை நேர்மையாகப் பயன்படுத்த ஒரே வழி, ஹெட்போனில் கேட்பவருக்குக் கேள்வி காதில் விழாமல், கண்ணையும் கட்டி, அவர் கேட்டதை மட்டும் சொல்லவைப்பது. அப்படிச் செய்தால் பதில்களும் கேள்விகளும் எவ்வளவு விலகிப் போகின்றன என்று நேரிலேயே தெரிந்துவிடும். பேரன்புக்குரிய ஒருவரை இழந்து சில மாதங்களே ஆனவர் இதை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காத்திருக்கும் மனத்துக்கு ரேடியோத் துண்டுகளைப் பதிலாகக் கொடுப்பது கொடுமை.

குச்சி மனிதன் கேமரா

இது மைக்ரோசாஃப்ட் 2010-ல் வீடியோ கேமுக்காகக் கொண்டுவந்த கினெக்ட் கேமராதான். ஒரு டேப்லெட்டும் பேட்டரியும் சேர்த்துப் பெட்டியில் அடைத்திருப்பார்கள். அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே வீசி, அவை விழும் விதத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். பிறகு அதன் மென்பொருள், "எதிரே ஒரு ஆள் ஆடிக்கொண்டிருக்கிறார், அவருடைய தலை எங்கே, முழங்கை எங்கே, மூட்டு எங்கே" என்று இருபது புள்ளிகளைத் தேடும். அந்த மென்பொருள் கற்றதே மனித உடலைக் கண்டுபிடிக்கத்தான். முழு உடல் கிடைக்காவிட்டால், கிடைத்த துண்டை வைத்து மிச்சத்தை ஊகித்து வரையும். நாற்காலி முதுகு, மடிந்த திரை, நிலைக்கதவு, கொடியில் தொங்கும் சட்டை எல்லாம் அதற்குத் தோளும் இடுப்பும். கண்ணாடி, பளபளக்கும் தரை, கறுப்புத் துணி ஆகியவற்றில் புள்ளிகள் சரியாகத் திரும்பாமல் தூரக் கணக்கில் ஓட்டை விழும், அங்கேதான் உருவம் அதிகம் துள்ளும். வேலை செய்யும் தூரம் ஏறத்தாழ 0.8 முதல் 4 மீட்டர். அதற்கு அப்பால் காட்டுவதை எண்ணவே வேண்டாம். கேமராவைக் கையில் பிடித்தால் முழு அறையும் அசைவதாக அது எடுத்துக்கொள்ளும். சோதிக்க ஆசையிருந்தால் முக்காலியில் நிறுத்தி, உருவம் வந்த இடத்தில் இருக்கும் பொருளை அரை மீட்டர் நகர்த்துங்கள். உருவமும் கூடவே நகரும். விலைக்கும் பயனுக்கும் இவ்வளவு தூரம் உள்ள கருவி இந்தப் பெட்டியில் வேறில்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. துப்பாக்கித் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தை அளக்காது. சிவப்புப் புள்ளி விழும் பரப்பின் வெப்பத்தை அளக்கும். அறை நடுவே "குளிர்ந்த இடம்" தேட இது உதவவே உதவாது. 12-க்கு 1 விகிதம் என்று எழுதியிருந்தால் 3.6 மீட்டர் தொலைவில் அது 30 சென்டிமீட்டர் அகல வட்டத்தின் சராசரியைத் தருகிறது என்று பொருள்; ஜன்னல் கண்ணாடியும் உலோகமும் அதில் பொய் காட்டும். குளிரை அளக்க, ஈரப்பதமும் காட்டும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டை வெவ்வேறு உயரத்தில் வைத்தாலே போதும். ரெம் பாட், ஆன்டெனாவைச் சுற்றி மெல்லிய புலம் பரப்பி அது கலையும்போது கத்தும். கை போனாலும் கத்தும், போன், வாக்கி டாக்கி பட்டாலும் கத்தும். லேசர் பேனாவைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். புகைப்படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்கள் லென்ஸுக்கு மிக அருகில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட தூசியும் ஈரத்துளியும். ஃபிளாஷை அணைத்துவிட்டு முக்காலியில் எடுத்தால் மறையும். செல்போன் செயலிகள் போனின் திசைகாட்டிச் சென்சாரை வைத்து ஓடுகின்றன. பூமியின் சொந்தக் காந்தப் புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா (காந்தப் புலத்தின் இன்னோர் அலகு). போனைச் சாய்த்தாலே எண் ஆடும். அவற்றில் வரும் சொற்களை மென்பொருள் தன் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுகிறது.

பெட்டியில் இல்லாத கருவி

1921-ல் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். 1912-ல் பழைய வீடொன்றுக்குக் குடிபோனவர்கள். காலடிச் சத்தம், விசித்திர உருவங்கள், படுக்கையில் யாரோ அழுத்துவது, விடாத தலைவலி, சோர்வு. கடைசியில் தெரிந்தது, வீட்டுச் சூட்டு அடுப்பு பழுதாகிப் புகையை வீட்டுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்ஸைடு. அடுப்பைச் சரிசெய்ததும் பேயும் போயிற்று.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குறைந்த அளவில் நாள் கணக்கில் சுவாசித்தால் தலைவலி, குமட்டல், குழப்பம், கூடினால் மரணம். கேஸ் வாட்டர் ஹீட்டர், கரி அடுப்பு, ஜெனரேட்டர், வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்தும் அறை, புகைபோக்கி அடைத்த எந்த அடுப்பும் இதற்கு வழி. வீட்டில் இருப்பவர்கள் பலருக்கும் ஒரே சமயம் தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்து, திரும்பியதும் மறுபடி வந்தால், மீட்டர் கீட்டர் எல்லாம் அப்புறம். முதலில் ஜன்னலைத் திறந்து எல்லோரும் வெளியேறுங்கள்.

பெட்டியில் இல்லாத அந்தக் கருவி கார்பன் மோனாக்ஸைடு அலாரம்தான். வாங்கும்போது மின்வேதிச் சென்சார் உள்ளதா, எண் திரை உள்ளதா, உச்ச அளவை நினைவில் வைக்குமா என்று பாருங்கள். எண் திரை ஏன் முக்கியம் என்றால், இ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரப்படி காற்றில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடம் கழித்தும், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும்தான் கத்தும். 30 பி.பி.எம். அளவில் இரண்டு மணி நேரம் வரை கத்தவே கூடாது என்பது விதி. தினமும் ராத்திரி 25 பி.பி.எம். சுவாசிப்பவருக்கு அந்த அலாரம் வாயே திறக்காது. சில திரைகள் 30-க்குக் கீழே பூஜ்யம்தான் காட்டும். 10-லிருந்து காட்டுவதாகப் பெட்டியில் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். படுக்கையறையில் மூக்கு உயரத்திலும், அடுப்புள்ள அறையில் அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளியும் வையுங்கள். திரைக்குப் பின்னாலோ ஃபேனுக்கு நேர் கீழேயோ வேண்டாம். சோதனைப் பொத்தான் மணியையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கும், சென்சாரை அல்ல. சென்சாரின் ஆயுள் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு, காலாவதித் தேதி முதுகில் இருக்கும்.

காதுக்குக் கேட்காத தாழ் அதிர்வும் ஒரு சந்தேக நபர். விக் டான்டி என்ற பொறியாளர், தான் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் தெரிந்ததையும், கிடுக்கியில் பிடித்திருந்த வாள் தகடு தானாக அதிர்ந்ததையும் தேடிப் போய், புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் ஃபேன் சுமார் 19 ஹெர்ட்ஸில் நிலை அலையை (அறைக்குள் ஒரே இடத்தில் நின்று அதிரும் அலை) உண்டாக்குவதாக 1998-ல் எழுதினார். நல்ல துப்பறிதல்; ஆனால் மேலே சொன்ன 2009 சோதனையில் தாழ் அதிர்வாலும் வித்தியாசம் வரவில்லை, அதனால் இதை முடிவான விளக்கமாக எடுக்க முடியாது. இதற்கென்று கருவி வாங்க வேண்டாம். செல்போன் மைக் அவ்வளவு தாழ்வாக நம்பகமாக அளக்காது. ஃபேன், மோட்டார், ஏ.சி. வெளிப்பெட்டி ஒவ்வொன்றாக அணைத்து, தட்டில் நீர் ஊற்றி அலை நிற்கிறதா என்று பாருங்கள்.

கருவியே வேண்டாத இரண்டு அனுபவங்கள் உண்டு. ஒன்று, விழிப்பு வந்தும் உடம்பு அசையாமல், மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பதாக, அறையில் ஆள் நிற்பதாக உணர்வது. அமுக்குவான் பேய் என்கிறார்களே, அதுதான். கனவு காணும் தூக்கத்தில் உடல் தசைகளை மூளை அணைத்து வைத்திருக்கும். அந்தப் பூட்டு திறக்கும் முன் கண் திறந்துவிட்டால் கனவு அறைக்குள் தொடரும். 35 ஆய்வுகளைத் தொகுத்த 2011 கணக்குப்படி பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கும், மாணவர்களில் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது வந்திருக்கிறது. தூக்கம் கெட்ட நாள்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுப்பது, நேரத்துக்குத் தூங்குவது, வந்துவிட்டால் கால் பெருவிரலை மட்டும் அசைக்க முயல்வது உதவும். அடிக்கடி வந்து, பகலிலும் தூக்கம் அழுத்தினால் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றது, இறந்துபோன துணை அருகில் இருப்பதாக உணர்வதும், அவரைப் பார்ப்பதும், அவர் குரலைக் கேட்பதும். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் வெளியிட்டதில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த அனுபவம் இருந்தது. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. பெரும்பாலானோர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இதற்கு மீட்டரை நீட்டாதீர்கள். இது நோயில்லை, பயப்படவும் வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் வீட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தால், செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கெர்ட்ரூட் ஷ்மைட்லர் என்ற உளவியலாளர் 1966-ல் எழுதிய ஆய்வு இந்த வழியில்தான் போனது. வீட்டின் வரைபடத்தை நகல் எடுத்து, கட்டங்களாகப் பிரியுங்கள். குடியிருப்பவர்கள் தாங்கள் உணர்ந்த இடத்தை ஒரு நகலில் குறித்து உறையில் ஒட்டட்டும். வீட்டைப் பற்றி எதுவும் தெரியாத நான்கைந்து பேரை ஒருவர் பின் ஒருவராக, தனியாக நடக்கவிடுங்கள். கூட வரும் ஆளுக்கும் கதை தெரியக் கூடாது, அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவர் குறித்து முடித்துக் கொடுத்த பிறகே அடுத்தவர் உள்ளே போகலாம். இருட்டான மூலை, படிக்கட்டு அடி போல யாருக்குமே ஒரு மாதிரி தோன்றும் இடங்களைத் தனியாக ஒருவரிடம் முன்பே குறிக்கச் சொல்லி, கணக்கிலிருந்து விலக்குங்கள். மீதியில் குறிகள் ஒரே கட்டத்தில் விழுந்தால் அங்கே மூன்று திசை அளவு, மெயின் அணைத்த அளவு, வெப்பம், ஈரம், வாயு எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள். பெரும்பாலும் கதவிடுக்குக் காற்றோ, சாய்ந்த தரையோ, சுவருக்குள் ஓடும் குழாயோ அகப்படும். எதுவும் அகப்படாமல், குறிகள் மட்டும் ஒத்துப்போனால், தாள்களில் அவரவரைத் தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லி, ஒலிக் கோப்புகளை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். அடுத்த சோதனைக்குப் புதிய ஆட்கள் வேண்டும். முதல் சுற்றில் வந்தவர்களை மறுபடி அழைக்காதீர்கள்.